காமெடிப் படத்துக்குத் தியேட்டர் எதற்கு, ஓடிடியில் பார்த்தால் போதாதா?

ஆரப்பாளையம் செல்வி
16 ஜனவரி 2025, காலை 9:10

ஞாயிற்றுக்கிழமை வரை லீவு இருக்கிறது. அதற்குள் குடும்பத்தோடு ஒரு படம் பார்த்துவிட வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார்கள். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பத்தாவது படிக்கும் பையன். அழுகைப் படம் வேண்டாம், வெட்டுக்குத்து வேண்டாம், சிரித்துவிட்டு வர வேண்டும். இதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மதகஜராஜா நன்றாகப் போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சிக்கல் என் வீட்டுக்காரரிடம். பெரிய சண்டைப் படம் என்றால் பெரிய திரையில் பார்க்கலாம், நாலு பேர் நின்று பேசிச் சிரிக்க வைக்கிற படத்துக்கு எதற்குத் தியேட்டர் என்கிறார். டிக்கெட் தலைக்கு 190 ரூபாய் பக்கம். ஐந்து பேருக்கு ஆயிரத்தைத் தொட்டுவிடும். முன்பதிவுக் கட்டணம், பார்க்கிங், இடைவேளைத் தீனி எல்லாம் தனி. நாலு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாமே என்று கேட்கிறார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், அவரிடம் படித்துக் காட்டப் போகிறேன்.

பால்கனிவாசி
16 ஜனவரி, காலை 9:48

அக்கா, அண்ணன் சொல்வதை நான் அப்படியே திருப்பிப் போடுவேன். சண்டைப் படத்தைத்தான் வீட்டில் பார்க்கலாம். நல்ல டிவியும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும். காமெடிப் படத்துக்குத் தேவையானது எந்தக் கடையிலும் விற்பதில்லை: கூடவே உட்கார்ந்து சிரிக்க முந்நூறு பேர்.

மதகஜராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் எடுத்த படம். 2013 பொங்கலுக்கு வருவதாக இருந்து, பணச் சிக்கலில் மாட்டிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இந்தப் பொங்கலுக்கு விடாமுயற்சி தள்ளிப் போனதும் இடம் கிடைத்து 12ஆம் தேதி வெளியானது. பன்னிரண்டு வருடப் பழசு என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் சந்தானம் நாயகனாக மாறிய பிறகு அவரை நண்பன் வேஷத்தில் பார்க்க ஜனங்கள் ஏங்கிக் கிடந்திருக்கிறார்கள். நான் முதல் நாள் மாலைக் காட்சிக்குப் போனேன். மனோபாலா திரையில் தெரிந்ததும் கைதட்டல். 2023இல் இறந்துபோன மனுஷன். அவர் வருகிற நீண்ட காட்சியில் எனக்கு முன் வரிசைப் பெரியவர் ஒருவர் சீட்டின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவரைப் பார்த்து அவர் பேத்தி சிரித்தாள், பேத்தியைப் பார்த்து எங்கள் வரிசையே சிரித்தது. வசனம் பாதி காதில் விழவில்லை. தனியாகப் போனில் பார்த்திருந்தால் எனக்கு ஒரு புன்னகையோடு போயிருக்கும்.

இது என் கற்பனை இல்லை. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சிரிப்பைப் பற்றியே பல வருடம் ஆராய்ந்தவர். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த 30 மடங்குக்குத்தான் 190 ரூபாய்.

நிதானம்
16 ஜனவரி, காலை 10:20

செல்வி மேடம், உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா.

என் அப்பா காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். அது வசனத்தையும் பக்கத்துச் சீட்டுச் சிரிப்பையும் பிரித்துத் தருவதில்லை, இரண்டையும் சேர்த்துப் பெருக்கித் தருகிறது. நிறைந்த அரங்கில் எல்லாரும் சிரிக்கும்போது அவருக்கு இரைச்சல்தான் கேட்கும். அடுத்த வசனம் போய்விடும். 'என்ன சொன்னான்?' என்று என்னைக் கேட்பார், நான் சொல்வதற்குள் அதற்கு அடுத்ததும் போய்விடும். கடைசியாகப் போனபோது இடைவேளையிலேயே முகம் வாடிவிட்டது. எல்லாரும் சிரிக்கிற இடத்தில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது சாதாரண வருத்தம் இல்லை.

வீட்டில் என்றால் வசன எழுத்தைப் போட்டுக்கொள்கிறார். புரியாவிட்டால் பத்து நொடி பின்னால் தள்ளிப் பார்க்கிறார். வாய்விட்டுச் சிரிக்கிறார். உங்கள் மாமனார் மாமியாருக்குக் காது எப்படி என்று முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரீல்பெட்டி
16 ஜனவரி, காலை 11:35

நிதானம் சார் சத்தத்தைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். என் அப்பா தியேட்டர் ஆபரேட்டர். முதலில் திண்டுக்கல் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ், அப்புறம் நிரந்தரக் கொட்டகை.

காலியான அரங்கில் சரியாக இருக்கும் சத்தம் நிறைந்த அரங்கில் போதாது. மனித உடம்பும் உடுத்தின துணியும் சத்தத்தை உறிஞ்சிவிடும். அதனால் ஹவுஸ்புல் என்றால் ஒலியைக் கூட்டி வைப்பார்கள். காமெடிப் படத்துக்கு அப்பா அதோடு நிறுத்த மாட்டார். முதல் நாள் ரெண்டு காட்சி ஓட்டியதும் எந்த இடத்தில் ஜனங்கள் வெடிக்கிறார்கள் என்று அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். மறுநாளிலிருந்து அந்த இடம் வந்ததும் புரொஜக்டர் பக்கத்தை விட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்து நிற்பார். சிரிப்பு எழும்பும்போது குமிழை ஒரு புள்ளி ஏற்றுவார், அடங்கும்போது இறக்குவார். அடுத்த வசனம் ஜனங்களுக்குக் கேட்கணுமே, அதற்குத்தான். கேபினில் இருந்த சின்னச் சதுர ஓட்டை வழியாகத் திரையைப் பார்ப்பதை விட்டு, அரங்கைக் காதால் கேட்டுக்கொண்டே இருப்பார்.

டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜக்டர். ரீல் மாற்ற வேண்டும் என்றால் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. அந்த இடைவேளைகளில் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் இப்போதுதான் பார்த்த காமெடியைத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள். சிரிப்பில் வசனத்தைக் கோட்டைவிட்டவர்கள் அங்கேதான் அதைத் தெரிந்துகொள்வார்கள். நிதானம் சார், உங்கள் அப்பாவுக்கு இப்போது பத்து நொடி பின்னால் தள்ளுவது செய்கிற வேலையை அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செய்தார்.

இன்றைக்கு டிஜிட்டல். படம் சர்வரில் இருக்கிறது, ஒலி அளவை ஒரு தடவை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நல்ல மேனேஜர் இருக்கும் தியேட்டரில் சொன்னால் கூட்டிக் குறைப்பார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

வடபழனி மூர்த்தி
16 ஜனவரி, மதியம் 12:50

ரீல்பெட்டி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். நாடகத்தில் நடிகர் செய்வதை அவர் கேபினில் இருந்து செய்திருக்கிறார்.

நான் சபா நாடகம் பார்த்து வளர்ந்தவன். மேடையில் ஒரு ஜோக் வெடித்தால் நடிகர் அப்படியே நிற்பார். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும்போது, முழுசாக அடங்கும் முன், அடுத்த வசனத்தை எடுப்பார். முழுசாக அடங்கவிட்டால் சூடு போய்விடும். சீக்கிரம் எடுத்தால் காதில் விழாது. இந்த அளவு ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மாதிரி. சினிமாவில் இது முடியாது. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து, எங்கேயோ ஒரு அரங்கில் இத்தனை நொடி சிரிப்பார்கள் என்று ஊகித்து வெட்ட வேண்டும்.

க்ரேஸி மோகன் மேடையிலிருந்து வந்தவர். ஆனால் மைக்கேல் மதன காமராஜனில் அவர் இந்த இடைவெளியையே விடவில்லை. 1990 தீபாவளிக்கு வந்த படம், கமலுக்கு நான்கு வேடம், இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்த பிறகு வரும் பேச்சைக் கவனியுங்கள். காமேஸ்வரன் ஒன்று சொல்ல, டெல்லி கணேஷ் ஒன்று சொல்ல, மூச்சுவிட நேரம் தராமல் போய்க்கொண்டே இருக்கும். தியேட்டரில் முதல் தடவை பார்த்தபோது எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வசனம்தான் கேட்டிருக்கும். மிச்சத்தைப் பிடிக்க மறுபடி போனோம். அப்போது வேறு இடத்தில் சிரித்தோம், வேறு வசனம் போனது. டெல்லி கணேஷ் போன நவம்பரில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம்கூட இல்லை, அந்தச் சாம்பார்க் காட்சியில் அரங்கம் எழுப்பிய சத்தம்தான்.

ஆகவே வசனம் கேட்கவில்லை என்பதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள் நிதானம். உங்கள் அப்பாவின் நிலை வேறு, அதை மறுக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

மல்லிகா தஞ்சை
16 ஜனவரி, மதியம் 2:15

எல்லாரும் கூட்டச் சிரிப்பைக் கொண்டாடுகிறீர்கள். அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

நான் குண்டான பெண். கல்லூரியில் படித்தபோது தோழிகளோடு ஒரு படத்துக்குப் போனேன். படத்தின் பெயர் வேண்டாம், அப்படி ஒன்றா இரண்டா. நாயகனின் நண்பனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். பெண் கதவைத் திறந்து வருகிறாள். அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே, அவள் உருவத்தைப் பார்த்தே அரங்கம் சிரித்தது. அவள் செய்த ஒரே தப்பு கதவைத் திறந்தது. முந்நூறு பேர் சேர்ந்து சிரித்தால் 30 மடங்கு என்கிறீர்களே, அந்த 30 மடங்கும் அன்றைக்கு என் மேல் விழுந்தது. பக்கத்தில் இருந்த தோழி சிரித்துவிட்டு, சட்டென்று என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்தியதுதான் இன்னும் வலித்தது.

வீட்டில் என்றால் ரிமோட்டை எடுத்து மாற்றியிருப்பேன். தியேட்டரில் வரிசை நடுவில் உட்கார்ந்துகொண்டு எங்கே போவது?

நிறம், உடம்பு, வழுக்கை, திக்குவாய், திருநங்கைகள் என்று நம் காமெடி கைவைக்காத இடம் இல்லை. செல்வி, நீங்கள் பையனோடு போகிறீர்கள். மதகஜராஜாவில் இரட்டை அர்த்தப் பேச்சும் பெண்களைக் காட்டுகிற விதமும் பத்தாவது படிக்கிற பையன், தாத்தா, பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கத் தோதாக இருக்குமா என்று யோசியுங்கள். யு/ஏ சான்றிதழ் என்பதைத் தாண்டியும் யோசிக்க வேண்டும்.

பால்கனிவாசி
16 ஜனவரி, மதியம் 2:52

மல்லிகா அக்கா, நீங்கள் சொன்னதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சரியாகச் சொன்னீர்கள். இரட்டை அர்த்தம் இருப்பதும் உண்மை, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும். கூட்டத்தில் சிரிப்பு பெருகும் என்பதால்தான் எதைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறோம் என்பது எழுதுகிறவர் பொறுப்பாகிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் அதே நிறைந்த கொட்டகைகளில்தான் குடியையும் மூடநம்பிக்கையையும் சிரிப்புக்கு ஆளாக்கினார்கள். விவேக்கைச் சின்னக் கலைவாணர் என்று சொன்னதும் அதனால்தான். மூடநம்பிக்கை வைத்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சிரிக்க வேண்டிய நிலை. அந்த வலிமை மேலே இருப்பவனைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்துத் திரும்பக் கூடாது.

மல்லிகா தஞ்சை
16 ஜனவரி, மதியம் 3:05

இதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. விவேக் படங்களிலும் எனக்குக் கசந்த இடங்கள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்.

கும்பகோணம் ராகவன்
16 ஜனவரி, மாலை 4:40

ஓய்வுபெற்றவன், எழுபதைத் தாண்டியவன். காதலிக்க நேரமில்லையைக் கொட்டகையில் பார்த்தவன். பழைய படத்தைச் சொல்கிறேன், 1964, ஸ்ரீதர் எடுத்தது. இந்தப் பொங்கலுக்கு அதே பெயரில் வந்திருப்பதை இன்னும் பார்க்கவில்லை.

சகோதரி செல்வியின் கணவர் கேட்டாரே, நாலு பேர் நின்று பேசுவதற்குப் பெரிய திரை எதற்கு என்று. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதில் சண்டை இல்லை, பாட்டு இல்லை, இரண்டு பேர் மட்டும். கதை சொல்பவர் நாகேஷ். சத்தங்களைக்கூட அவரே வாயால் எழுப்புவார். ஆனால் கொட்டகையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பாலையாவை. அவருக்குப் பேச்சே அதிகம் இல்லை. கண் விரிவது, தொண்டைக்குழி ஏறி இறங்குவது, பயம் உள்ளே வருவதும் பணக்காரத் தகப்பன் என்கிற கெத்து அதை வெளியே தள்ளுவதும், எல்லாமே முகத்தில். பெரிய திரையில் அந்த முகம் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. கண்ணிமை துடிப்பதைக் கடைசி பெஞ்சு வரை பார்த்தார்கள். போன வாரம் பேரன் தன் போனில் அதே காட்சியைக் காட்டினான். நாகேஷின் குரல் கேட்டது. பாலையா கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தார். பேரன் நாகேஷுக்குச் சிரித்தான், பாலையாவை அவன் பார்க்கவே இல்லை.

என்னைக் கேட்டால் சண்டைக் காட்சியைவிட நல்ல காமெடி நடிகரின் முகத்துக்குத்தான் பெரிய திரை தேவை.

சைக்கிள்டோக்கன்
16 ஜனவரி, மாலை 5:15

ராகவன் ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். நமக்குக் காமெடி இப்போது துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஆதித்யா, சிரிப்பொலி என்று சேனலே வைத்து வெட்டி வெட்டிப் போட்டார்கள், இப்போது ரீல்ஸ். அதற்கு நம் படங்களின் அமைப்பும் ஒரு காரணம். காமெடியைத் தனி ட்ராக்காக எழுதிக் கதைக்கு நடுவில் செருகுவது நெடுநாள் வழக்கம். கரகாட்டக்காரன் (1989) வாழைப்பழக் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன். அந்தக் காட்சி படத்திலிருந்து கழன்று வந்து தனியாகவே வாழ்கிறது. படமே பார்க்காதவர்களுக்கும் அது தெரியும்.

மைக்கேல் மதன காமராஜன் அப்படி இல்லை. முதல் பாதியில் சின்னதாக ஒன்றை வைப்பார்கள், ஒரு மணி நேரம் கழித்து அது வெடிக்கும். அந்த மாதிரிப் படத்துக்கு ஒரே இருப்பில் முழுசாக உட்கார வேண்டும். வீட்டில் உட்கார முடிகிறதா? குக்கர் விசில், வாசலில் கூரியர், நடுவில் ஒரு போன். இருட்டில் ரெண்டரை மணி நேரம் வேறு எதுவும் செய்ய முடியாமல் உட்கார வைப்பதும் தியேட்டர் தருகிற வசதிதான்.

ஆரப்பாளையம் செல்வி
16 ஜனவரி, மாலை 6:30

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். ராகவன் ஐயா எழுதியதைக் கேட்டதும் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். மல்லிகா எழுதியதைப் படிக்கும்போது மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'அந்தப் பிள்ளை சொல்றது வாஸ்தவம்தானே' என்றார்கள்.

முடிவு இதுதான். நானும் அவரும் மட்டும் முதலில் மதகஜராஜா பார்க்கிறோம். பெரியவர்களையும் பையனையும் கூட்டிப்போவதா என்பது அப்புறம். எந்தக் காட்சிக்குப் போவது, எங்கே உட்காருவது என்று சொல்லுங்கள். தீனி, தண்ணீர் விஷயமும் யாராவது சொன்னால் நல்லது. போன தடவை ஒரு தியேட்டரில் தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பால்கனிவாசி
16 ஜனவரி, மாலை 6:55

ஞாயிறு மாலை. ஊரே லீவில் இருக்கும் கடைசி நாள், அரங்கம் நிறைந்திருக்கும். மல்டிபிளெக்ஸின் சின்ன ஸ்க்ரீனைவிடப் பெரிய ஒற்றைத் திரை அரங்கில் சிரிப்பு நன்றாக உருளும், டிக்கெட்டும் பெரும்பாலும் குறைவு. நடுவிலிருந்து ரெண்டு வரிசை பின்னால் எடுங்கள். முன்னால் உட்கார்ந்தால் சிரிப்பு முதுகுக்குப் பின்னால் மட்டும் கேட்கும், கடைசி வரிசை என்றால் மற்றவர்கள் குலுங்குவது மட்டும் தெரியும். திங்கட்கிழமை காலைக் காட்சி வேண்டவே வேண்டாம். பதினைந்து பேர் இருக்கும் அரங்கில் சிரிக்கக் கூச்சமாக இருக்கும், நல்ல படமும் சுமாராகத் தெரியும்.

தண்ணீர் பற்றி: வெளியிலிருந்து தீனி கொண்டுவரக் கூடாது என்று சொல்லத் தியேட்டருக்கு உரிமை உண்டு என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் அதே வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்கான உணவையும் தடுக்கக் கூடாது. குழாய் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், காட்டியாக வேண்டும்.

ரீல்பெட்டி
16 ஜனவரி, இரவு 8:05

நிதானம் சாருக்கு. உங்கள் அப்பாவை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. பால்கனிவாசி வேண்டாம் என்ற அந்தக் கூட்டமில்லாத வாரநாள் காலைக் காட்சிதான் அவருக்குச் சரி. சிரிப்பு வசனத்தை மூடாது. பக்கவாட்டு ஸ்பீக்கரை ஒட்டி உட்கார வேண்டாம், நடுவில் உட்காருங்கள், வசனம் திரைக்குப் பின்னால் நடுவிலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். போவதற்கு முன் தியேட்டருக்குப் போன் செய்து வசன எழுத்தோடு ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள், சென்னையில் பல இடங்களில் ஆங்கில எழுத்தோடு தமிழ்ப் படம் ஓடுகிறது.

நிதானம்
16 ஜனவரி, இரவு 8:40

ரீல்பெட்டி, மனமார்ந்த நன்றி. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் அந்த வேகத்துக்கு வராது. காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் தியேட்டரில் படம் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதை வைத்து எங்கள் ஊர்த் தியேட்டர் மேனேஜரிடம் எழுதிக் கேட்கலாம் என்று இருக்கிறேன். தமிழ்ப் படத்தைத் தமிழ் எழுத்தோடு ஓட்டுகிற தியேட்டர் திருச்சி, தஞ்சை வட்டாரத்தில் எங்கேயாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள். பஸ் ஏறியாவது அப்பாவைக் கூட்டிப்போகிறேன்.

மல்லிகா தஞ்சை
16 ஜனவரி, இரவு 9:02

தஞ்சையில் நான் விசாரிக்கிறேன். நாளைக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிற வேலை இருக்கிறது, அங்குள்ள ரெண்டு தியேட்டரிலும் நேரில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். மேனேஜருக்கு எழுதும் கடிதத்தை இங்கேயும் போடுங்கள், நாங்களும் அவரவர் ஊரில் கொடுக்கலாம்.